நான்கு சாண்

ஐபிராத்தைத் தோல்மிதவையில் கடந்தபோது நாங்கள் ஒன்பது பேர்.
ஆபோர் ஆற்றங்கரையில், கோசான் கோட்டைக்கு வெளியே,
வாற்கோதுமை அறுத்த கட்டைகள் பாதத்தில் குத்த
வரிசையில் நின்றது ஆறு பேர்.
குறைந்த மூவரை யாரும் கேட்கவில்லை.
வந்து சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான் களிமண்ணில் இடம்.

எழுத்தர்கள் இருவர்.
ஒருவன் ஈரப் பலகையில் நாணலால் குத்தினான்,
சேற்றில் கோழி நடந்ததுபோல.
மற்றவன் அராமியன். ஆட்டுத்தோலில் மையால் எழுதினான்.
நடுவில் ஒரு காவலன். அவன் கைதான் அளவுகோல்.
பெரிய கை. கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது.

"பெண், ஒன்று" என்றார்கள்.
என் பெயர் ஒக்லாள். அதைக் கேட்கவில்லை.

பிள்ளைகளுக்கு வயதும் கேட்கவில்லை.
சாண் போட்டார்கள்.
மூன்று சாண், தாயோடு.
நான்கு சாண், தாயோடு.
ஐந்து சாண் என்றால்
அரசன் புதிதாய் எழுப்பும் நகரத்துக்கு, கல் அறுக்க.
முந்தின இரவு ஆலாகிலிருந்து வந்த வண்டிக்காரன் சொன்னான்.
சொன்னதற்கு என் வெண்கலக் கொண்டை ஊசியை வாங்கிக்கொண்டான்.

என் மகன் எகேலியாவு.
எகேல் என்றால் எங்கள் பேச்சில் கன்று.
கன்று ஐந்து சாண் இருந்தான்,
ஒரு விரற்கடை கூடவே இருக்கும்.
செத்துப்போன தகப்பனின் அங்கியை மாட்டி
தரையில் புரள விட்டு
"முழங்காலை மடக்கு" என்றேன்.
"எவ்வளவு நேரம்?"
"நான் சொல்லும்வரை."

காவலன் உச்சந்தலையிலிருந்து இறங்கினான்.
ஒன்று. இரண்டு. மூன்று.
நான்காவதில் தரை வந்துவிட்டது.
அங்கிக்குள் தொடை நடுங்கியது எனக்குத் தெரிந்தது.
அராமியனுக்கும் தெரிந்தது.
தொட்ட மை தோலில் சொட்டும்வரை
அங்கியின் ஓரத்தையே பார்த்திருந்தான்.
பிறகு குனிந்து ஏதோ எழுதினான்.
"ஆண்பிள்ளை, நான்கு சாண்" என்று
களிமண்காரன் உரக்கச் சொன்னான்.
அடுத்த மூச்சில், "காளை, ஒன்று."

அன்றிரவு வாய்க்கால் சேற்றில் கன்று மல்லாந்து படுத்தான்.
எழுந்து, பதிந்த தடத்தைத்
தன் சின்னக் கையால் அளந்தான்.
"அம்மா, நான் எட்டு."
"மெல்லப் பேசு" என்றேன்.

இருபத்தேழு ஆண்டு ஆகிறது.
எள்ளெண்ணெயில் வெங்காயம் வதங்கினால்
இப்போது எனக்குப் பசிக்கிறது.
மகன் அராமியத்தில் திட்டுகிறான், அராமியத்தில் உளறுகிறான் தூக்கத்தில்.
தண்ணீர் முறைக்காகப் பக்கத்து வயல் அத்தர்சூரியோடு மல்லுக்கு நிற்கிறான்.
வீடு கட்டினான். அடியில் கருங்கல், மேலே மண்.
வாசலை ஒட்டகம் நுழையும் உயரத்துக்கு வைத்தான்.
நுழையும்போது குனிகிறான்.
மருமகள் சிரிக்கிறாள்: "எதுவும் இடிக்காதே, ஏன்?"
அவனுக்குத் தெரியவில்லை.
காதில் நாணல் செருகிய எவன் தெருவில் வந்தாலும்
அவன் முழங்கால் தானாக மடங்குகிறது.
மரியாதை தெரிந்தவன் என்று ஊரில் பெயர்.

நான் சொல்லும்வரை என்றேன் அல்லவா,
இன்னும் சொல்லவில்லை.
அன்றே சொல்லியிருக்கலாம். முதல் அறுப்பில் சொல்லியிருக்கலாம்.
ஒவ்வொரு வருடமும் யாராவது குதிரையில் வந்தார்கள்.

கோட்டைக்குள் எங்கோ அந்தப் பலகை
காய்ந்து கிடக்கும். அதில் அவன் நான்கு சாண்.
தோல் என்ன ஆனதோ. எலி தின்றிருக்கலாம்.
நான்கு என்று எழுதினானா,
ஐந்து என்று எழுதிவிட்டு வாயை மூடிக்கொண்டானா,
கன்று என்ற பெயரைக் கேட்டு
மாட்டுக் கணக்கில் சேர்த்துவிட்டானா.

நேற்று சந்தையில் ஒரு கிழவன்
என்னிடம் வெங்காயத்துக்குப் பேரம் பேசினான்.
விரல் நுனியெல்லாம் மை.
அவனாக இருக்காது.
அளந்து போட்ட பிறகு
இரண்டு கூடப் போட்டேன்.